மாத்திரை மாற்றிய மாசி மாதம்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பை அணைத்துவிட்டு, நேரமிருக்கும்போது படியுங்கள்.

மாசியும் பங்குனியும் நான் இந்தப் பக்கம் வரவே இல்லை. "டீச்சரைக் காணோமே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். போனில் கேட்டவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் "காய்ச்சல்" என்று சொல்லி வைத்திருக்கிறார். காய்ச்சல் இல்லை. ஆறு வருடமாக மனப்பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அந்த மாத்திரையை மாற்றினார்கள். மாற்றும்போது படாத பாடு பட்டேன். உறவினர்களில் பாதிப்பேருக்கு இந்த முதல் செய்தியே புதிதாக இருக்கும். இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்கிறோம்; இதை மட்டும் ஏன் முந்தானைக்குள் முடிந்து வைக்க வேண்டும்?

எழுதுவதற்குக் காரணம், விஷயம் தெரிந்த மூன்று பேர் தனித்தனியாக இன்பாக்ஸில் கேட்ட ஒரே கேள்வி. "டாக்டர் மாத்திரையை மாத்திட்டார் டீச்சர், ஒரு வாரமா தலை சுத்துது, வயிறு சரியில்லை, பேசாம நிறுத்திடவா?" ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. மூவருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதல் பதில்: உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மீதிப் பதில் கீழே.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் தொடங்கியது எனக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வரும். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. ஆனாலும் போன் மணி அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கை நடுங்கும். கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். பராக்ஸெடின் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் தூக்கம் வந்தது, போன் வெறும் போனாக ஆனது. அந்த மாத்திரைக்கு நான் நன்றி உள்ளவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஏன் மாற்ற வேண்டும்? வயது. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் பராக்ஸெடின் அவ்வளவாக ஏற்றதில்லை. வாய் வறட்சி, மலச்சிக்கல், ஞாபகக் குழப்பம், தடுமாறி விழுவது எல்லாம் அதனால் கூடலாம் என்றார் டாக்டர். வாய் வறட்சியும் மலச்சிக்கலும் எனக்கு ஏற்கெனவே இருந்தன. செர்ட்ரலினுக்கு மாறலாம் என்று முடிவானது. நாத்தனார் மகன் கல்யாணம் தையில் இருந்ததால் அது முடியட்டும் என்று கேட்டேன். "தாராளமா. வீட்டில் விசேஷம், ஊர்ப்பயணம் இல்லாத மாசமாப் பாத்து ஆரம்பிக்கலாம்" என்றார். இது நல்ல யோசனை. உங்கள் டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இனி கொஞ்சம் பாடம். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அரை ஆயுள் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? ரேடியத்துக்கு 1600 ஆண்டு, ரேடானுக்கு 3.8 நாள். மாத்திரைக்கும் அதே கணக்குதான். பராக்ஸெடினின் அரை ஆயுள் சுமார் 21 மணி நேரம். ஐந்து அரை ஆயுள் போனால் மிச்சம் மூன்று சதவீதம். அதாவது, கடைசி மாத்திரை போட்ட நாலரை நாளில் உடம்பில் அது ஏறக்குறைய இல்லை. ஆறு வருடம் அதோடு குடித்தனம் நடத்திய மூளைக்கு நாலரை நாள் போதுமா? ஃப்ளுவாக்ஸெடின் போன்றவை உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும், அதனால் நிறுத்தும்போது தொல்லை குறைவு. பராக்ஸெடின் சீக்கிரம் போய்விடும், அதனால் தொல்லை அதிகம். அதற்காகத்தான் படிப்படியாக இறக்குகிறார்கள். எனக்கு 25 மில்லிகிராமிலிருந்து 12.5, இரண்டு வாரம். கூடவே காலையில் செர்ட்ரலின் 25. மூன்றாம் வாரம் பழையது நிறுத்தம், புதியது 50. நான் சாப்பிட்டது மெதுவாகக் கரையும்படி செய்த வகை. அதைப் பாதியாக உடைத்துச் சாப்பிடக் கூடாது, குறைந்த அளவிலேயே தனி மாத்திரை வாங்க வேண்டும். என் கணக்கு அப்படி. உங்கள் கணக்கு வேறாக இருக்கும். என்னுடையதைப் பார்த்து எழுதாதீர்கள். பரீட்சையில் பார்த்து எழுதியவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியும்தானே.

ஒரு ரெக்கார்டு நோட்டு போட்டேன். தேதி, நேரம், மாத்திரை, என்ன தோன்றியது, பத்துக்கு எத்தனை மார்க். பிராக்டிகல் நோட்டு மாதிரியேதான். அதை வைத்துத்தான், வருகிற தொல்லையெல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்று தெரிந்தது.

புது மாத்திரை உள்ளே வரும்போது செய்கிற சேட்டை ஒரு வகை. எனக்கு இரண்டாம் நாளே வயிறு கலக்கியது. ஒரு நாளைக்கு நாலு தடவை. ஆறு வருட மலச்சிக்கலுக்கு இப்படி ஒரு விடுதலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை! செரடோனின் என்றால் மூளை என்றுதான் நினைக்கிறோம். உடம்பில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் வயிறு சும்மா இருக்குமா? குமட்டலுக்கு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டது உதவியது. இரண்டு இட்லி, அப்புறம் மாத்திரை. முதல் வாரம் பதற்றமும் குறைவதற்குப் பதில் கூடியது, கை நடுங்கியது. பத்தாம் நாளுக்குள் இவை தணிந்துவிட்டன.

பழைய மாத்திரை வெளியே போகும்போது வருவது இன்னொரு வகை. நிறுத்திய மூன்றாம் நாள், பூ கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ என்று கண்ணைச் சட்டென்று திருப்பினேன். தலைக்குள் ஒரு சின்ன ஷாக். ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மினுக்குமே, அப்படி. ஒரு நொடிதான். வலி இல்லை, ஆனால் பயமாக இருந்தது. டாக்டர் முன்னமே சொல்லியிருந்ததால் பக்கவாதமோ என்று அலறவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அலறியிருப்பேன். கூடவே விசித்திரக் கனவுகள், காரணமில்லாமல் அழுகை. டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி பார்த்து அழுதேன் என்றால் நம்புவீர்களா? பால் பாயசம் செய்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, பழைய நோயே திரும்பி வருவது. அது மெதுவாக, வாரக்கணக்கில் வரும். பழைய கவலைகளையே திரும்பக் கூட்டிக்கொண்டு வரும். தலைக்குள் ஷாக் அதில் கிடையாது. மாத்திரையைக் குறைத்த மூன்றாம் நாள் வருவதைப் பார்த்துவிட்டு "ஐயோ நோய் திரும்பிவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். அதேபோல "பாத்தியா, அடிமையாகிட்ட" என்று சொல்லும் சொந்தங்களையும் காதில் வாங்க வேண்டாம். என் நாத்தனார் வாஞ்சையோடுதான் சொன்னார்கள், "எல்லாத்தையும் தூக்கிப் போடு அண்ணி, திருக்கடையூர் போயிட்டு வரலாம்." திருக்கடையூர் போகலாம், எப்போது வேண்டுமானாலும் வருவேன். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு வருவேன்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். மூன்றாம் வாரக் கடைசியில் தலை கனத்தது. நடந்தால் படகில் நிற்பது போல இருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கால் பின்னி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். பால்காரர் மாதக் கணக்குக் கேட்க வந்தார். தினம் ஒரு லிட்டர், நடுவில் மூன்று நாள் வேண்டாமென்று சொல்லியிருந்தோம். முப்பத்துமூன்று வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்டவள், அந்தக் கழித்தலைப் போட முடியாமல் நின்றேன். விடை தவறவில்லை, விடையே வரவில்லை. முறத்தைப் பார்க்கிறேன், அதன் பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது.

வீட்டில் எல்லாரும் சொன்னது, "மாத்திரை மாத்துறதாலதான். பத்து நாள்ல பழகிடும்." என் வீட்டுக்காரர் சொன்னார், மகள் கோயம்புத்தூரிலிருந்து சொன்னாள். வயிற்றுப்போக்குக்காக "நிறைய தண்ணி குடிம்மா" என்றும் சொன்னாள். நியாயமான பேச்சுதான். அதுவரை வந்த எல்லாமே அப்படித்தானே பழகியிருந்தது? மாத்திரை மாற்றும் காலத்தில் ஆபத்து இதுதான். எது வந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தின் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் முதல் நாளே டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்: மூன்றாம் வாரம் ரத்தத்தில் சோடியம் பார்க்கவும். என் ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையை நான் காட்டியபோது பெயருக்குப் பின்னால் இருந்த 'எச்' எழுத்தைச் சுட்டி, "இது நீர் பிரிய வைக்கிற மருந்தும் சேர்ந்தது. இதோட புது மாத்திரையும் சேர்ந்தா, இந்த வயசுல உப்பு இறங்கலாம். பார்த்துக்கிட்டே மாத்தணும்" என்றார். ஹைட்ரோகுளோரோதயாசைடுதான் அந்த எச். "இந்த நிலைமையில போகணுமா, அடுத்த வாரம் எடுத்துக்கலாமே" என்று வீட்டில் கேட்டார்கள். சீட்டில் தேதி போட்டிருந்தது. தேதி போட்டால் அன்று செய்கிற புத்தி எனக்கு. ஆட்டோ பிடித்துப் போனோம்.

ஊசி குத்திய பெண், "டீச்சர், நான் உங்க பிளஸ் டூ பேட்ச்" என்றாள். பெயர் சொன்னாள், அன்றைக்கு எனக்கு முகம் பிடிபடவில்லை. மன்னித்துக்கொள் அம்மா, இதைப் படித்தால். மதியம் அவளே போன் செய்தாள். "ரிப்போர்ட் வாட்ஸ்ஆப்ல அனுப்பிட்டேன் டீச்சர். ஆனா அதைப் படிச்சிட்டு இருக்காதீங்க, இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணுங்க." சோடியம் 126. இருக்க வேண்டியது 135 முதல் 145.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள். ஒரு டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? உப்பு அதே உப்புதான், கரைசல்தான் நீர்த்துப் போகும். இந்த வகை மாத்திரைகள் சிலருக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி செய்துவிடும். இன்னொரு பக்கம் அழுத்த மாத்திரை உப்பை வெளியேற்றுகிறது. நடுவில் நான், மகள் சொல்படி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் இது நடக்கும். முற்றினால் வலிப்பு, நினைவு தப்புதல் வரை போகும். அதற்காக அவசரப்பட்டு உப்பை ஏற்றவும் கூடாது. வேகமாக ஏற்றினால் மூளைக்கே சேதம். ஒரு நாளில் எட்டுப் பத்துக்கு மேல் ஏறாமல், மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டர்தான். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் என்று மாற்றினார்கள், செர்ட்ரலினை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் 133. அன்று காலை நர்ஸ் கொண்டுவந்த பில்லை மனதிலேயே கூட்டிச் சரிபார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதனால் கேட்ட மூவருக்கும், வயதான அப்பா அம்மாவுக்கு இந்த மாத்திரை கொடுக்கும் எல்லாருக்கும்: வயிறு, நடுக்கம், கனவு, அந்தச் சின்ன ஷாக், இவற்றை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், அனேகமாகப் பொறுத்துக்கொள்ளலாம். குழப்பம், தள்ளாட்டம், பேச்சுத் தடுமாற்றம், விடாத தலைவலி, வாந்தி, இவற்றைப் பொறுக்காதீர்கள், அன்றே போங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தாலும் அப்படியே. அது சிறு வயதுக்காரர்களுக்கு மாத்திரை தொடங்கும் வாரங்களில் வரக்கூடும், வீட்டில் யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற டாக்டர்கள் கொடுத்த மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ராத்திரியில் பேச ஆள் இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

இப்போது எனக்கு மிர்டாஸபின், இரவில் 7.5. சோடியத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத மருந்து என்று கொடுத்தார்கள். தலைக்குள் ஷாக் மேலும் மூன்று வாரம் இருந்து, ஒரு நாள் நோட்டைப் புரட்டும்போதுதான் நின்றுவிட்டது தெரிந்தது. சித்திரையில் சோடியம் 138. இதற்கும் பக்கவிளைவு உண்டு: காலை எட்டு மணி வரை தூக்கம், ராத்திரி பதினொரு மணிக்குப் பசி. இரண்டு கிலோ ஏறியாயிற்று. முறுக்கு டப்பாவை என் வீட்டுக்காரர் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார். ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.