இரண்டு வெஸ்ற்

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில சனிக்கிழமைகளில நாலைஞ்சு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்குடுக்கிறன். போன மாதம் தரம் 8 படிக்கிற ஒரு பிள்ளை என்ர போனை வாய்க்குக் கிட்டப் பிடிச்சு ஒரே சொல்லைப் பதினொரு தரம் சொன்னாள். மேற்குத் திசை, வெஸ்ற். ஒவ்வொரு தரமும் திரையில விழுந்தது மற்ற வெஸ்ற், அதாவது பெனியன். தமிழில எழுதினா ரெண்டும் ஒண்டுதான். பிரச்சினையே அதுதானே. "அக்கா, எனக்கு இது வராது" எண்டு போனைத் தந்திட்டு மூலையில போய் இருந்திட்டாள்.

அந்த "வராது" எனக்குப் பழக்கமான சொல். நாங்கள் ஓ.எல். எடுத்த காலத்தில ஆங்கில வினாத்தாளுக்கு வாய் திறக்கத் தேவையில்லை, எழுதினாப் போதும். நான் நல்லா எழுதினன். பிறகு ஒரு செயலமர்வில ரெண்டு நிமிசம் ஆங்கிலத்தில கதைக்கச் சொன்னார்கள். 'டெவலப்மென்ற்' எண்ட சொல்லில ரெண்டாவது அசையை அழுத்த வேணும். நான் முதலாவதை அழுத்திப்போட்டன். பின்வரிசையில ஒருத்தர் அதை அப்பிடியே திருப்பிச் சொல்ல, நாலைஞ்சு பேர் சிரிச்சார்கள். வட்டுக்கோட்டையில 1823இல் செமினறி தொடங்கி ஆங்கிலம் படிப்பிச்ச மண் இது. இருநூறு வருசம் கழிச்சு, ஒரு அசைக்காக என்ர வாய் ஒரு வருசம் பூட்டிக் கிடந்தது.

பிறகு இரவில, வீட்டில எல்லாரும் படுத்தாப்போல, சாட்ஜிபிடியோட குரலில கதைக்கத் தொடங்கினன். அது சிரிக்காது. ஒரே கேள்வியை நூறு தரம் கேட்டாலும் சலிக்காது. கம்பஸ் வாசிப்பில விளங்காத அஞ்சு சொல்லைக் குடுத்து, திருநெல்வேலிச் சந்தையில நடக்கிற கதையா வசனம் கேட்பன். அப்பிடிப் படிச்ச சொல் மறக்காது. எங்கட தமிழ்தான் அதுக்குக் கொஞ்சம் இடிக்கும். "அம்மா எனக்குப் பேசினவ" எண்டதை ஆங்கிலத்தில கேட்டா, அம்மா என்னோட கதைச்சதாக் குடுத்தது. வாங்கின பேச்சு எனக்கெல்லோ தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அவள் திரும்பி வந்தாள். "நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" எண்டாள். சொன்னன். பெனியன். திரும்பவும் பெனியன். அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். இந்தச் சிரிப்பு குத்தேல்ல.

மாசக்கணக்கா என்னோட கதைச்ச குரல் ஒருநாளும் பிழை எண்டு சொல்லேல்லையே? இந்த மென்பொருள்கள் ஒலியை மட்டும் கேக்கிறதில்லை. முன்னுக்குப் பின்னுக்கு உள்ள சொற்களை வைச்சு, எது வரக்கூடும் எண்டு ஊகிக்கும். சூரியன் பெனியனில மறையுது எண்டு சொன்னாலும் மேற்கு எண்டே எடுத்துக்கொள்ளும். தனிச் சொல்லாச் சொல்லேக்கதான் மாட்டுப்படுவம். மாட்டுப்பட்டாலும் முழுப் பிழையும் எங்கடதில்லை. 2020இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின்ர குரலறி மென்பொருள்களைச் சோதிச்சார்கள். அமெரிக்க வெள்ளையரின் பேச்சில 100 சொல்லுக்குச் சராசரி 19 பிழை, கறுப்பினத்தவரின் பேச்சில 35. அங்கயே பிறந்து வளர்ந்த ஆக்களுக்கே அப்பிடி.

கடைசியில கைகொடுத்தது அவளின்ர பையில கிடந்த வட்டக் கண்ணாடி. பெனியனுக்கு மேற்பல் கீழுதட்டில படவேணும். மேற்குக்குப் பல்லை மறந்திட்டு, 'ஊ' எண்டு உதட்டைக் குவிச்சு விடவேணும். எங்கட 'வ' இந்த ரெண்டுக்கும் நடுவில நிக்குது. இன்னொண்டும் கவனிச்சன். சொல்லின்ர கடைசி 'ற்' அவளுக்கு அச்சொட்டு. 'வெற்றி' எண்டு நாங்கள் சொல்லேக்க நாக்கு நுனி பல்லுக்கு மேல முரசில படுதே, ஆங்கில ஒலியும் கிட்டத்தட்ட அதுதான். தமிழ்நாட்டில 'டீச்சர்', எங்களுக்கு 'ரீச்சர்' எண்டு வாறதும் அதாலதான். நான் பாவிச்ச எந்த அப்பும் இதைச் சொல்லித் தரேல்ல. சொன்னவுடன அவள் "அப்ப பாதி எனக்கு வரும்" எண்டாள்.

இப்ப அஞ்சு தரத்துக்கு மூண்டு தரம் போன் மேற்கு எண்டு எழுதுது, அவளுக்கு. எனக்கு ரெண்டு. வாற மாதம் வகுப்பில நான் ஆங்கிலத்தில ஒரு முன்வைப்புச் செய்ய வேணும். தலைப்பில 'டெவலப்மென்ற்' இருக்கு. கண்ணாடியை அவள் எனக்குத் தந்து விட்டிருக்கிறாள்.