கரண்டு போகும் பால்

பிளாஸ்டிக்கிலும் மின்சாரம் பாயும் என்று காட்டியதற்காக 2000-இல் ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகாவா மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. 1977-இல் அவர்கள் பாலி அசெட்டிலீனில் அயோடினை ஏற்றிப் பார்த்தார்கள். அதே ஆண்டில்தான் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரின் குழு, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டது. அடுக்கிய தட்டுகள் வழியாகவும் மின்னூட்டம் நகரும்.

எனக்கு நெருக்கமானது மூன்றாவது கதை. இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்று வரும் பாலிமர்தான் மின்சாரம் கடத்தும் என்று பல்கலைக்கழகத்தில் படித்தோம். ரப்பரில் அவை தள்ளித் தள்ளி இருக்கும். ஆனால் 1988-இல் மிருணாள் தாக்கூர் இயற்கை ரப்பரிலேயே அயோடினை ஏற்றினார். அயோடின் அந்தத் தனித்த இரட்டைப் பிணைப்புகளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கியது என்பது அவர் விளக்கம். ரப்பர் கறுத்தது, கடத்துதிறன் பல கோடி மடங்கு கூடியது.

தெமியாங்கில் பாட்டியிடம் இதைச் சொன்னேன். இருட்டோடு எழுந்து மரம் சீவி, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்.

"கரண்டு புடிக்காதுன்னுதானே ரப்பர் சிலிப்பர் போடச் சொல்றீங்க?"

அயோடின் ஏற்றாதவரை அது சரிதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"இத்தன வருசம் நாங்க வெட்டுன பாலு. இதக் கண்டுபுடிச்சது தோட்டத்துப் புள்ளையா?"

"இல்ல பாட்டி."

"அப்ப நீ படி."