நீண்ட பகலில் செண்டுமல்லி

டொராண்டோவில் தமிழர் வீட்டு முற்றங்களில் கோடைக்கு வைக்கும் ஒருபருவப் பூச்செடிகளில் மாலைக்கு உதவுவது செண்டுமல்லி. துலுக்கச் செவ்வந்தி, கேந்தி என்ற பெயர்களும் அதற்கு உண்டு. ஊரிலிருந்து வந்த உயரமான வகையை முதன்முறை வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவதுண்டு. செடி இடுப்புக்கு மேல் வளரும், இலை அடரும், ஆகஸ்ட் முடியும்வரை மொட்டு வராது. சத்துப் போதவில்லை என்று எண்ணித் தழைச்சத்து உரம் போட்டால் இலைதான் இன்னும் கூடும்.

பூ தாமதிப்பது பகலின் நீளத்தால். டாகெட்டிஸ் இரெக்டா என்ற இந்த இனம், பகல் குறுகும்போது விரைந்து மொட்டுக் கட்டும். ஜூன் 21 அன்று யாழ்ப்பாணத்தில் பகல் ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம்; டொராண்டோவில் 15 மணி 25 நிமிடம். செடியின் தாயகம் மெக்சிகோ. அங்கே நவம்பர் தொடக்கத்தில் இறந்தோரை நினைக்கும் திருநாளுக்கு இதே பூவைத்தான் குவிக்கிறார்கள். ஊர்க் கோயில் மாலைக்கு வந்ததும் கடல் கடந்துதான். டொராண்டோவில் பகல் 13 மணிக்குக் கீழே இறங்குவது செப்டம்பர் முதல் வாரத்தில். அக்டோபரில் உறைபனி விழுந்துவிடும். நவராத்திரி தள்ளி வரும் ஆண்டில் பூவும் பனியும் போட்டியிடும்.

இதற்கு மாற்றாகச் சோதிக்கத் தக்கது ‘அன்டிகுவா’ போன்ற குள்ளக் கலப்பின வகை. பகல் நீளத்தை அது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. செடி ஒரு சாண் அல்லது சற்று மேல்தான். பார்க்கக் குந்தியிருப்பது போல இருக்கும். மாலைக்குத் தலை போதும், காம்பு தேவையில்லை என்பதால் அது ஒரு குறையே அல்ல. மழை தேங்கினால் அடுக்குப் பூ அழுகும் என்பதுதான் உண்மையான குறை. பழைய வகையில் இரண்டு, புதியதில் நான்கு எனப் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

விதையை ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டுக்குள் போட வேண்டும். 21 முதல் 24 பாகை வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். உயரமான வகையின் நாற்றுகளை முளைத்ததிலிருந்து இரண்டு மூன்று வாரம் மாலை 5 மணி முதல் காலை 8 மணிவரை அட்டைப்பெட்டியால் மூடி இருட்டில் வைத்தால், பூ முந்தும். நாற்றுப் பண்ணைகளும் கையாளும் உத்தி இது. மே பிற்பகுதியில், விக்டோரியா தின விடுமுறையையொட்டி வெளியே நடலாம்; அதற்கு முன் ஒரு வாரம் நிழலில் வைத்துக் குளிருக்குப் பழக்குவது அவசியம்.

அடுத்த ஆண்டு விதையில்தான் சிக்கல். கலப்பினத்தின் விதை தாய்ச்செடி போல வராது, உயரமும் பூவும் மாறும். உயரமான வகையிலோ விதை முற்றுமுன் பனி வந்துவிடும். ஆகவே அதன் விதை ஊரிலிருந்து யாருடைய பெட்டியிலாவது மறுபடி வர வேண்டியிருக்கிறது; விமான நிலையத்தில் அதைச் சுங்கத்திடம் அறிவிக்கவும் வேண்டும்.