கயிற்றைக் கட்டியது நான்தான்

என் மனைவியின் வலது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. படகுக் கயிற்றை அவளே தப்பாகக் கட்டி, அதில் அவளே கையைக் கொடுத்துவிட்டாள் என்று இரண்டு வீட்டாரும் நம்புகிறார்கள். அப்படி நம்ப வைத்தவன் நான். கட்டியவனும் நான்.

அமெரிக்காவின் கிழக்குப் பாதியைப் படகிலேயே சுற்றி வரலாம். ‘கிரேட் லூப்’ என்பார்கள். ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பேரேரிகள், சிகாகோ, மிசிசிப்பி, டென்னசி, மெக்சிகோ வளைகுடா, ஃபுளோரிடா, பிறகு அட்லாண்டிக் கரையை ஒட்டிய உள்வழி என்று சுமார் 6,000 மைல். சிகாகோவுக்குத் தென்மேற்கே ஒரு பாலம் 19 அடி 6 அங்குல உயரத்தில் நிற்கிறது. சுற்றி வர வேறு வழி இல்லை. படகு வாங்கும்போது நான் அந்த உயரத்தைத்தான் நாடா பிடித்துப் பார்த்தேன். மனைவிக்கு நீச்சல் தெரியாது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நியூ ஜெர்சியில் எங்கள் வட்டத்தில் யாரும் இதைச் செய்ததில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஈரி கால்வாயில் படகை ஏற்றி இறக்குவது லாக். இரு பக்கமும் கதவு அடைத்த சிமென்ட் தொட்டி. தண்ணீரை விட்டால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். சுவரின் உச்சியிலிருந்து கயிறுகள் தொங்கும். அதைக் கையில்தான் பிடிக்க வேண்டும். படகில் கட்டவே கூடாது. புறப்பட்ட இரவு மனைவியையும் மகனையும் உட்காரவைத்து இந்த விதியைப் படித்துக் காட்டியவன் நான்தான்.

வாட்டர்ஃபோர்டில் அடுத்தடுத்து ஐந்து லாக்குகள், 169 அடி ஏற்றம். லிட்டில் ஃபால்ஸில் ஒரே லாக்கில் 40 அடி. ஏறும்போது கயிறு தொய்யும். கட்டி வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் கட்டினேன். இரண்டு கையும் ஒழிந்தால் படம் எடுக்கலாமே. மனைவி முன்பக்கக் கயிற்றைக் கடைசிவரை கையிலேயே பிடித்திருந்தாள். “ஏங்க, கட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று ஒருமுறை கேட்டாள். சிரித்தேன்.

ரோம் நகரத்தருகே கால்வாய் கடல்மட்டத்துக்கு மேல் 420 அடியில் ஓடுகிறது. அந்தப் பகுதியில் அதுதான் உச்சி. அதைத் தாண்டி வரும் 21ஆம் லாக்கில் படகு முதல்முறையாக இறங்க வேண்டும், சுமார் 25 அடி. வரைபடத்தில் பார்த்திருந்தேன். மகனுக்கு விளக்கியும் சொல்லியிருந்தேன். ஆனாலும் உள்ளே போனதும் பழக்கத்தில் கயிற்றை இழுத்து, பின்பக்கத்து இரும்புக் கொம்பில் எட்டுப் போட்டு இறுக்கிவிட்டு, கைப்பேசியை எடுத்தேன்.

தண்ணீர் இறங்கியது. படகின் பின்பக்கம் இறங்கவில்லை.

கயிறு முறுகும் சத்தம் கேட்டது. எனக்கு விளங்குவதற்குள் தளம் சாய்ந்து, உள்ளே பாத்திரங்கள் சரிந்தன. எட்டு டன் படகு ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறது. கத்தி வேண்டும். கத்தி சமையலறை இழுப்பறையில். நான் அசையவில்லை. பயந்து நின்றேன் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. முன்பக்கத்திலிருந்து மனைவி ஓடி வந்தாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். சுற்று வழுக்கி இறுகியபோது அவள் விரல்கள் கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்தன.

லாக் பணியாளர் கவனித்துவிட்டார். வடிப்பதை நிறுத்தித் தண்ணீரைத் திரும்ப ஏற்றினார். அவர் இல்லாவிட்டால் படகே கவிழ்ந்திருக்கலாம். இறங்கி வந்து, யார் கட்டியது என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை, பதிவேட்டுக்காகக் கேட்டார்.

“என் மனைவி. வேண்டாமென்று சொன்னேன், கேட்கவில்லை.”

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்தது. மனைவி கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. மகன்தான் தமிழில் மெல்லக் கேட்டான்: “அப்பா, நீங்கதானே கட்டினீங்க?”

“உனக்குத் தெரியாது, சும்மா இரு” என்றேன்.

பத்து வயதுப் பையன். பக்கத்தில் நின்று பார்த்தவன். அவன் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லச் சொன்னேன். விரல் நசுங்கியது என் அலட்சியத்தால். இது அலட்சியம் இல்லை.

பயணம் அங்கேயே முடிந்தது. படகை விற்றோம். பேரேரிகளைப் பார்க்கவே இல்லை. மனைவி தையல் வேலைகளை விட்டுவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், நான்கு சுவருக்குள். “சரி, விடுங்க” என்றாள். மகனிடமும் பேசினேன். “அம்மாவும் நானும் அன்னைக்கே பேசிட்டோம்ப்பா” என்று சொல்லி எழுந்து போய்விட்டான். படிப்பு, பணம், நண்பர்கள் என எதுவானாலும் இன்று அவன் முதலில் சொல்வது அம்மாவிடம்தான்.

மதுரையில் இருக்கும் மாமியார் தொலைபேசியில் இன்னமும் மகளைக் கடிந்துகொள்கிறார்: “மாப்பிள்ளை அவ்வளவு சொல்லியும் கேக்காம போனியேடி.” ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும். மனைவி பேச்சை மாற்றுவாள். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனேன்.

இது அச்சில் வருவதற்கு முன் அவரை அழைத்துச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.