மணிக்கட்டைச் சாய்த்த கை

அம்மி கொத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வருஷத்தில் இரண்டு முறை வருவார். அவர் குரல் தெருமுனையில் கேட்டதுமே ஆத்தா அம்மியைக் கழுவித் துடைத்து வைத்துவிடுவாள். ஒரு மதியம், அவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டு நின்ற என் கையில் உளியையும் சுத்தியையும் கொடுத்தார். உளியை நேராக நிறுத்தி அடித்தேன். வழுக்கிக்கொண்டு போனது, கல்லில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்ததோடு சரி. அவர் எதுவும் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு விரற்கடை சாய்த்துவிட்டார். அடுத்த அடிக்குக் கருங்கல் பொடி தெறித்தது.

அந்தச் சாய்வு திரும்ப ஞாபகம் வந்தது பல வருஷங்கள் கழித்து, பூண்டியில் இருக்கும் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில். கண்ணாடிக்குப் பின்னால் கைக்கோடாரிகள் இருந்தன. பாதாம் பருப்பை உள்ளங்கையளவுக்குப் பெரிதாக்கியது போன்ற வடிவம். ஒரு முனை கூர், மறு முனை பிடிப்பதற்கு வாகான உருண்டை. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்தெடுத்த பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளமும் ஓர் அடி. எது முதலில் விழுந்தது, எது அதன்மேல் விழுந்தது என்றுகூடப் பார்த்துச் சொல்லலாம். அடித்தவரின் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. அடி மட்டும் இருக்கிறது.

இப்படிப்பட்ட கல்லை நம் நாட்டில் முதன்முதலில் அடையாளம் கண்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் ஒரு சரளைக்குழியில் எடுத்தார். அந்தக் குழியை எத்தனையோ பேர் கடந்து போயிருப்பார்கள். ஃபிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கள் மனிதன் செய்தவைதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டதே 1859-இல்தான். நான்கே வருஷம் பழசான அந்த அறிவு ஃபுட்டின் கண்ணில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள்.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் பொறுமையாகத் தோண்டியவர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும். களிமண்ணுக்குள் கற்கருவிகளோடு விலங்குகளின் பற்களும் கிடைத்தன. கற்களின் வயதைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பெரிய ஆச்சரியம். வெட்டவெளியில் கிடக்கும் படிகக் கல்லில் அண்டக் கதிர்கள் பட்டுப்பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுவகைகள் உருவாகும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்தால் கதிர் எட்டாது. புதிதாக உருவாவது நின்று, இருந்தவை சிதையத் தொடங்கும். அலுமினியம் வேகமாகச் சிதையும், பெரிலியம் மெதுவாக. மிஞ்சிய இரண்டின் விகிதம், புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிவிடும். 2011-இல் வெளிவந்த விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள். நம் இனம், அதாவது ஹோமோ சேப்பியன்ஸ், உலகில் தோன்றியே 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியானால் நாம் மனிதர்கள் ஆவதற்கு வெகு முன்பே, சென்னையிலிருந்து சில மணி நேரத்தில் போய்வரக்கூடிய ஓர் ஆற்றோரத்தில் யாரோ உட்கார்ந்து கல்லின் விளிம்பைக் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.

கல் உடைப்பது என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். அமெரிக்காவில் கான்சி என்ற போனபோ குரங்குக்கு 1990 முதல் நிக்கோலஸ் டாத் என்ற தொல்லியலாளரின் குழு கல்லில் சில்லெடுக்கச் செய்து காட்டியது. பெட்டிக்குள் தீனி, பெட்டியைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுக்கக் கூரான சில்லு வேண்டும். கான்சி கெட்டிக்காரன். கல்லைக் கடினமான தரையில் வீசி உடைக்கும் வழியைத் தானே கண்டுபிடித்தது, சில்லும் எடுத்தது, கயிற்றையும் அறுத்தது. ஆனால் விளிம்பைப் பார்த்துச் சாய்வு பார்த்து அடிப்பதில், எத்தியோப்பியாவின் கோனாவில் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சில்லெடுத்தவர்களை அதனால் எட்ட முடியவில்லை. செங்கோணத்துக்குக் குறைவான விளிம்பைத் தேடி, அதற்குச் சற்று உள்ளே, வெளிப்பக்கமாக இழுத்தாற்போல் அடிக்க வேண்டும். வலு இருந்தால் மட்டும் போதாது.

கைக்கோடாரி அதைவிடக் கடினம். அடுத்த சில்லுக்கு இடம் விட்டு இந்தச் சில்லை எடுக்க வேண்டும். அந்த வடிவம் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவரை, பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்யப்பட்டுவந்தது. மாறவே இல்லையே, மந்தமான காலம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எழுத்து இல்லை. பேச்சு எவ்வளவு இருந்ததோ. ஒரு தலைமுறை கற்றுக்கொடுக்கத் தவறியிருந்தாலும் அந்தந்த இடத்தில் அது அறுந்துபோயிருக்கும். வடிவம் நீடித்தது என்றால், ஒரு கை இன்னொரு மணிக்கட்டைத் தொட்டுத் திருத்துவது அத்தனை காலமும் நடந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதே அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் முறை மாறவும் மாறியது; கல்லை முதலில் பக்குவப்படுத்தி வைத்துக்கொண்டு, வேண்டிய வடிவத்தில் சில்லை ஒரே அடியில் எடுத்தார்கள்.

அம்மி கொத்துவதும் சில்லெடுப்பதும் ஒன்றல்ல, தெரியும். இருந்தாலும் பூண்டியிலிருந்து வந்த வாரமே ஓர் உளி வாங்கினேன். மிக்சி வந்தபிறகு எங்கள் தெருவில் அந்தக் குரல் கேட்டதில்லை. ஆத்தாவின் அம்மி கொல்லைப்புறத்தில் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. அடித்தேன், வழுக்கியது. எந்தப் பக்கம் சாய்த்துவிட்டார் என்பது கைக்கு மறந்துபோயிருந்தது.

பிறகுதான் கவனித்தேன். குழவி எட்டாத ஓரத்தில், பாசிக்கு அடியில், அவர் கொத்திய புள்ளிகள் ஒரு வரிசை அப்படியே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஆழமாக, மறுபக்கம் மேலேறி. பாசியைத் துடைத்துவிட்டு உளியின் முனையை ஒரு புள்ளிக்குள் வைத்தேன். அது தானாகச் சாய்ந்து நின்றது.