முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

ஒரு வேலை முடிந்துவிட்டதென்று யார் சொல்வது? செய்தவரா, செய்யச் சொன்னவரா, வாங்குபவரா? மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் சச்சரவுதான் மிஞ்சும். இவ்வாண்டு மென்பொருள் பொறியியல் வகுப்பில் இக்கேள்வி எழுந்தபோது, பாடப்புத்தகத்திற்கு முன்னால் என் நினைவுக்கு வந்தது எங்கள் ஆம்பூர்.

என் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் 22 ஆண்டுகளாக வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலிலிருந்து பின்னர் அந்தச் சுண்ணாம்பைப் போக்க வேண்டும். போயிற்றா என்று எப்படி அறிவது? தடித்த பகுதியில் சிறிது வெட்டி, வெட்டு முகத்தில் ஒரு சொட்டு பினாப்தலீன் விடுவார்கள். இளஞ்சிவப்பு தோன்றினால் உள்ளே சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் நான் மதிப்பெண்ணுக்காகப் பார்த்த நிறம், அப்பாவுக்கு அன்றாட வழிகாட்டி!

குரோம் பதனீட்டின் முடிவில் இன்னொரு சோதனை உண்டு. ஒரு துண்டுத் தோலைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் கோடிட்டுக்கொண்டு, கொதிநீரில் சில நிமிடம் போடுவார்கள். எடுத்துக் கோட்டின்மேல் வைத்தால் அளவு குறைந்திருக்கக் கூடாது. சுருங்கியிருந்தால் பதம் வரவில்லை. டிரம் இன்னும் சுற்ற வேண்டும். அங்கே முதலாளியின் அவசரமும் செல்லாது, மேஸ்திரியின் அதட்டலும் செல்லாது. “தண்ணி யாருக்கும் பயப்படாதுப்பா” என்பார் அப்பா.

மென்பொருள் உலகமும் இதையே தேடியிருக்கிறது. 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி ‘அஜைல்’ அறிக்கையை உருவாக்கினார்கள். அதன் கொள்கைகளுள் ஒன்று, வேலையின் வேகம் எல்லாரும் காலவரையின்றித் தொடரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது. ‘ஸ்கிரம்’ முறையில், ஒரு மாதத்திற்கு மேற்படாத சுற்றுகளாக வேலை நடக்கும். ‘முடிந்தது’ என்பதன் வரையறையைக் குழு முழுவதும் ஒன்றாக ஏற்றிருக்க வேண்டும். அதை எட்டாத வேலை, எவ்வளவு பாடுபட்டுச் செய்ததானாலும், முடிந்த கணக்கில் சேராது. நம் ஊர்க் கொதிநீர்ச் சோதனைதான் இது!

வேகமும் தரமும் வெவ்வேறல்ல என்பதை எனக்குக் காட்டியவர் என் தாய். காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கிறார். மணிக்கு இத்தனை என்று பலகையில் எழுதியிருக்கும். ஏற்றுமதிக்கு நாள் நெருங்கினால் அந்த எண் ஏறும். எண் ஏறும்போது முதலில் குறைவது சரிபார்க்கும் நேரம். அடுத்து நோவது அம்மாவின் இடுப்பு. தவறாகத் தைத்ததைப் பிரித்தாலும் ஊசித்துளை தோலில் அப்படியே நிற்கும், துணியைப்போல் மறையாது. ஆனால் அந்த எண்ணை அம்மாவைக் கேட்டு எவரும் எழுதியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரையறையில் சேர்க்காமல் விட்டது ஒருநாள் வாசலுக்கு வந்து நிற்கும். தோல் நன்றாக வந்தால் வேலை முடிந்ததென்றே பல்லாண்டுகள் இப்பகுதி இருந்துவிட்டது. கழிவுநீர் எங்கே போகிறதென்பது கணக்கில் வரவில்லை. பாலாற்றுப் பகுதியில் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ‘முடிந்தது’ என்பதன் எல்லைக்குள் ஆற்றையும் சேர்க்க, நீதிமன்றம் வர வேண்டியிருந்தது!

நண்பர்களே! நம்மில் பலர், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவர்கள். நாளை சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு குழுவில் அமர்வோம். சிலர் பலகையில் எண் எழுதும் இடத்திற்கும் உயர்வோம். அப்போது எண்ணை எழுதுமுன் வேலை செய்பவரைக் கேட்போம். எது முடிந்த வேலை என்பதை எல்லாருமாக முதலிலேயே பேசி வைப்போம். அதில் நம் வேலையால் பாதிக்கப்படுகிறவர்களுக்கும் ஓர் இடம் கொடுப்போம். பெற்றோர் உழைத்துக் கொடுத்த படிப்புக்கு இந்த மரியாதையையாவது நாம் செய்ய வேண்டாமா?