கூடத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர்

அமாவாசை என்றால் எங்கள் மேல்மலையனூரில் எள் போட்டால் எள் விழாது. போன ஆடி அமாவாசை அன்று அந்த நெரிசலில் பெரிய அட்டைப்பெட்டியோடு ஒரு பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். "மாமா, அப்பா இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க" என்றாள். பிரான்சிலிருந்து வந்தவள். அவள் அப்பா தை மாதமே போய்விட்டான்.

அவனும் நானும் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சு. பியேர் குளோஸ்தெர்மான் என்ற பிரெஞ்சு விமானி 1948-இல் எழுதிய 'லெ க்ரான் சிர்க்' நூலைப் பரீட்சைக்குப் படிப்பதைவிடச் சிரத்தையாகப் படித்தோம். இரண்டாம் உலகப் போரில் 341-ஆவது 'அல்சாஸ்' பிரிவில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர் அவர்.

1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. அவன் கப்பலேறினான். நான் அம்மாவின் ஊருக்கு வந்து, தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகிக் கோப்புகளோடு காலம் தள்ளினேன். இருவருமே விமானம் ஓட்டவில்லை.

பெட்டியில் இருந்தது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் மாடல். அசலில் 24-இல் ஒரு பங்கு. இறக்கை விரித்தால் 47 சென்டிமீட்டர் வரும். காக்பிட்டை மட்டும் அவன் முடித்திருந்தான். வெளிர்பச்சைச் சுவர், செம்பழுப்பு இருக்கை, வளையப் பிடி வைத்த கட்டுப்பாட்டுத் தண்டு, நடுவில் ஆறு கடிகார முகங்கள். சக்கரத்தை மடக்கும் நெம்புகோல் வலது பக்கம் இருக்கிறது. தரை விட்டதும் விமானி தண்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அதை இயக்க வேண்டும். புதியவர்களுக்கு அந்த நேரத்தில் விமானம் மேலும் கீழுமாக ஆடும் என்று சிறுவயதில் அவன் எனக்கு ஸ்கேலைப் பிடித்து நடித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது.

செய்முறைத் தாளில் முடிந்த ஒவ்வொரு படிக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் அடித்திருந்தான். அடுத்த படி, உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவது. ஒட்டிவிட்டால் அவன் வேலையில் பெரும்பகுதி உள்ளே மறைந்துவிடும்.

இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்தவன் நான். கையும் நடுங்கும். வெட்டி எறிந்த பிளாஸ்டிக் சட்டங்களில் ஒரு வாரம் பசை போட்டுப் பழகினேன். அப்படியும் சாமணம் பட்டு, அவன் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்த இருக்கைப் பட்டை பிய்ந்து வந்துவிட்டது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் திரும்ப ஒட்டினேன். கொஞ்சம் கோணல்தான்.

மூடாமலே வைத்துவிடலாமா என்று அவன் மகளிடம் போனில் கேட்டேன். "பறக்கிற மாதிரி பார்க்கணும்னுதான் மாமா அப்பா ஆசைப்பட்டாங்க" என்றாள்.

பேரன் நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். பிறகு பாதிகளைச் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு இரவெல்லாம் வைத்தேன். காலையில் பார்த்தால், முதுகில் தலைமுடி அளவு ஒரு கோடு. உப்புத்தாளில் தேய்த்தால் போய்விடும்.

விமானி ஏறும் இடதுபக்கச் சிறு கதவை மட்டும் திறந்தே ஒட்டினேன். வருகிறவர்களுக்கு டார்ச் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். எஞ்சின், இறக்கை, பெயின்ட் எல்லாம் பாக்கி.

செய்முறைத் தாளில், அவன் சிவப்பு டிக்குக்குக் கீழே நீல மையில் ஒன்று போட்டிருக்கிறேன்.